ஆர்என்ஏவை ஒட்டும் ஆர்என்ஏ: ஆய்வகப் பரிணாமத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆர்என்ஏ மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு மட்டுமல்ல, வேதிவினையையும் நடத்தும் என்பதைத் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1980-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். அதற்காக 1989-இல் வேதியியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார்கள். அவர்கள் கண்டவை உயிரினங்களுக்குள் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ரைபோசைம்கள், அதாவது வினையூக்கியாக வேலை செய்யும் ஆர்என்ஏக்கள். 1993-இல் டேவிட் பார்ட்டலும் ஜாக் ஷோஸ்டாக்கும் செய்தது வேறு வகை வேலை. தற்செயலாக எழுத்துகள் அமைந்த சுமார் 10¹⁵ ஆர்என்ஏ மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டு, பத்துச் சுற்றுத் தேர்வில், இரண்டு இழைகளை ஒட்டும் புதிய ரைபோசைம்களைப் பிரித்தெடுத்தார்கள். வினையூக்கி இல்லாமல் நடக்கும் வேகத்தைவிட 70 லட்சம் மடங்கு வேகம் கிடைத்தது. அந்த வரிசைகள் எந்த உயிரினத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. எவரும் வடிவமைத்தவையும் அல்ல.

பிசிஆரும் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) ஜெல்லும் (இழைகளை நீளவாரியாகப் பிரிக்கும் முறை) ஓரளவு கைவந்த ஒருவர் இந்த வேலையில் முதன்முறையாக இறங்கும்போது எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. "ஏன்" என்பதற்கு நான் அதிக இடம் தருகிறேன். குழாய்க்குள் இருக்கும் மூலக்கூறுகளுக்கு உங்கள் நோக்கம் தெரியாது. நீங்கள் வைத்த வடிகட்டியை எது கடக்கிறதோ அதுதான் அடுத்த சுற்றில் பெருகும். இழைகளை இணைக்காமலேயே கடக்க ஒரு சந்து கிடைத்தால், அதில் நுழைந்து வருபவையே குழாயிலுள்ள மூலக்கூறுத் தொகுப்பை நிரப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் "இதை வேறு எப்படிக் கடக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

முதலில் வினையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆர்என்ஏ இழையின் இரு முனைகளை 5', 3' என்பார்கள். ஓர் இழையின் 3' முனையில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. மற்றொரு இழையின் 5' முனையில் ட்ரைபாஸ்பேட் இருக்கிறது. ஹைட்ராக்சில் உள்பக்கப் பாஸ்பேட்டைத் தாக்க, பைரோபாஸ்பேட் வெளியேறுகிறது. இரண்டு இழைகளும் ஒன்றாகின்றன. ஆர்என்ஏ பாலிமரேஸ் நொதி ஒவ்வொரு நியூக்ளியோட்டைடையும் சேர்க்கும்போது நடப்பதும் இதே வேதியியல்தான். உயிரின் தொடக்க காலத்தில் ஆர்என்ஏ தன்னைத்தானே படியெடுத்திருக்குமா என்ற கேள்வியில் ஆர்வமுள்ளவர்கள் இழைகளை ஒட்டும் இந்த லிகேஸ் ரைபோசைம்களைத் தேடிப் போவதற்குக் காரணம் இந்த ஒற்றுமையே.

தேர்வு நடத்த இந்த வினை மிகவும் தோதானது. தொகுப்பிலுள்ள ஒவ்வொரு மூலக்கூற்றின் சொந்த 5' முனையையே வினையின் ஒரு பாதியாக வைத்துவிடலாம். மறுபாதி நீங்கள் வெளியிலிருந்து சேர்க்கும் குட்டையான ஆர்என்ஏ இழை. அதைத் தளப்பொருள் என்று அழைப்போம். வினை நடந்தால், அதை நடத்திய மூலக்கூற்றின் உடலிலேயே தளப்பொருள் ஒட்டிக்கொள்கிறது. யார் வேலை செய்தது என்று தேட வேண்டியதில்லை; செய்தவர் அடையாளத்தோடு நிற்கிறார். 5' ட்ரைபாஸ்பேட்டுக்கும் தனி முயற்சி தேவையில்லை. டி7 ஆர்என்ஏ பாலிமரேஸைக் கொண்டு படியெடுத்தால் ஒவ்வொரு இழையும் ட்ரைபாஸ்பேட்டோடுதான் பிறக்கிறது. அந்த நொதிக்கு முதல் எழுத்து குவானினாக இருப்பது பிடிக்கும் என்பதை மட்டும் வடிவமைப்பில் நினைவில் வையுங்கள்.

இங்கேயே ஒரு சந்து இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தளப்பொருளின் கடைசி நியூக்ளியோட்டைடில் 3' ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்திலேயே 2' ஹைட்ராக்சிலும் இருக்கிறது. அது தாக்கினாலும் இழைகள் ஒட்டும். ஆனால் இயற்கையில் வழக்கமான 3'-5' பிணைப்புக்குப் பதிலாக 2'-5' பிணைப்பு உருவாகும். ஆர்என்ஏவைப் படித்து டிஎன்ஏவாக எழுதும் பின்னோக்கிய படியெடுப்பு நொதி அதையும் கடந்து படித்துவிடக்கூடியது. எனவே உங்கள் வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து கிடைத்தவற்றை 1995-இல் எரிக் எக்லண்ட், ஷோஸ்டாக், பார்ட்டல் மூவரும் ஆராய்ந்தபோது, முதல் வகுப்பு லிகேஸ் 3'-5' பிணைப்பையும், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் 2'-5' பிணைப்பையும் உருவாக்குவது தெரிந்தது.

எந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குவது

புதியவர் முழுத் தற்செயல் தொகுப்போடு தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எண்ணிக்கையைப் பாருங்கள். 25 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள தற்செயல் பகுதியில் அமையக்கூடிய வரிசைகள் சுமார் 10¹⁵. நீளம் 40 ஆனால் அது சுமார் 10²⁴ ஆகிறது. ஆய்வகத்தில் கையாளக்கூடியது 10¹⁴ முதல் 10¹⁵ மூலக்கூறுகள்தான். நீளம் கூடக்கூட, சாத்தியமான வரிசைகளில் மிக மிகச் சிறிய பங்கைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். நல்ல ரைபோசைம்களோ பெரும்பாலும் நீளமானவை. பார்ட்டலும் ஷோஸ்டாக்கும் 220 தற்செயல் இடங்களை வைத்ததற்கு இதுவே காரணம்: சிறு துண்டுகள் பல விதமாகச் சேர்ந்து சிக்கலான வடிவங்கள் அமைய நீளம் வேண்டும்.

மாறாக, ஏற்கெனவே அறிந்த ஒரு லிகேஸை எடுத்து, அதன் வரிசையில் ஆங்காங்கே வேறு எழுத்துகளைக் கலப்படம் செய்யுங்கள். முதல் வகுப்பு லிகேஸ் ஒரு நல்ல தேர்வு. அதன் படிக அமைப்பு 2009-இல் வெளியானது. ஜெரால்ட் ஜாய்ஸின் ஆய்வகத்தில் உருவான ஆர்3சி லிகேஸ் சிறியது, எளிமையானது, அதுவும் பொருத்தமே. டிஎன்ஏவை வேதிமுறையில் தொகுக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் மூல எழுத்து 85 சதவீதமும் மற்ற மூன்றும் தலா 5 சதவீதமும் வருமாறு கேளுங்கள். 100 இடங்கள் என்றால் ஒரு மூலக்கூற்றில் சராசரியாக 15 மாற்றங்கள் இருக்கும். மாற்றமே இல்லாத மூல வரிசையும், 10¹³ மூலக்கூறுகளில், சுமார் ஒன்பது லட்சம் படிகள் இருக்கும். இந்த ஒன்பது லட்சம்தான் உங்கள் பாதுகாப்பு. தேர்வுமுறை சரியாக இயங்கினால் ஏதாவது ஒன்று நிச்சயம் மேலே வரும். வராவிட்டால் பிழை முறையில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். முழுத் தற்செயல் தொகுப்பில் இந்த உறுதி கிடைக்காது.

தொகுத்து வந்த டிஎன்ஏவை அப்படியே எண்ணிவிடாதீர்கள். ஒரு நியூக்ளியோட்டைடைச் சேர்க்கும் திறன் 99 சதவீதமாக இருந்தாலும், 100 நீள இழைகளில் முழு நீளம் எட்டுபவை சுமார் 37 சதவீதமே. சேதமடைந்தவற்றையும் கழித்தால் இன்னும் குறையும். ஜெல்லில் சுத்தப்படுத்தி, சிறிய அளவில் பிசிஆர் செய்து, எத்தனை பங்கு உண்மையில் பெருகுகிறது என்று அளந்து, அதன் பிறகே "என் தொகுப்பில் இத்தனை வரிசைகள்" என்று எழுதுங்கள்.

தற்செயல் பகுதியின் இரு பக்கமும் மாறாத வரிசைகள் வேண்டும். 3' பக்கத்தில் உள்ளது பின்னோக்கிய படியெடுப்பின் ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டை இழை) அமர. 5' பக்கத்தில் உள்ளது, டி7 நொதி படியெடுப்பைத் தொடங்கும் வரிசையான டி7 ப்ரோமோட்டரை மீண்டும் பொருத்த. தளப்பொருளின் வரிசையோ இவை இரண்டோடும் சிறிதும் ஒத்துப்போகக் கூடாது. ஏன் என்பது கீழே தெரியும்.

கை வைக்கும் முன்

ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதிகள் தோலிலும் தூசியிலும் இருக்கின்றன. ஆர்என்ஏஸ் ஏ கொதிக்கவைத்தாலும் மீண்டும் மடிந்து வேலைக்கு வந்துவிடும். அதற்கு உலோக அயனியும் தேவையில்லை. கையுறை, வடிகட்டி வைத்த நுனிகள், ஆர்என்ஏவுக்கென ஒதுக்கிய கரைசல்கள் ஆகியவை அடிப்படை. ஆர்என்ஏஸை முடக்கும் வேதிப்பொருளான டிஇபிசி கொண்டு தண்ணீரைச் சுத்திகரிக்கலாம், தாங்கல் கரைசலுக்கான ட்ரிஸைச் சுத்திகரிக்க முடியாது. ட்ரிஸின் அமீன் தொகுதி டிஇபிசியோடு வினைபுரிந்துவிடும். சுத்திகரித்த தண்ணீரில் ட்ரிஸைக் கரையுங்கள்.

மக்னீசியமும் சூடும் சேர்ந்தால் ஆர்என்ஏ துண்டு துண்டாகும். ஆகவே ஆர்என்ஏவை மக்னீசியம் இல்லாமல் சூடாக்கி, ஆறவிட்டு, அதன் பிறகே மக்னீசியம் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

இன்னொன்று, பிசிஆர் விளைபொருள்களைத் திறக்கும் இடமும் தேர்வு வினையை அமைக்கும் இடமும் வேறு வேறு அறைகளாக, குறைந்தது வேறு வேறு மேசைகளாக இருக்கட்டும். முந்தைய சுற்றின் டிஎன்ஏ ஏற்கெனவே தளப்பொருளின் வரிசையைச் சுமக்கிறது. அது காற்றில் பறந்து புதிய சுற்றில் விழுந்தால் வினையே நடக்காமல் பெருகும்.

ஒரு சுற்று எப்படி நடக்கும்

டிஎன்ஏ தொகுப்பை டி7 நொதியால் படியெடுங்கள். டிஎன்ஏஸ் கொண்டு மூல டிஎன்ஏவை அழியுங்கள். யூரியா கலந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் முழு நீள ஆர்என்ஏவை மட்டும் வெட்டியெடுங்கள். புற ஊதா ஒளியில் பட்டையைப் பார்க்கும் நேரம் சில விநாடிகளைத் தாண்ட வேண்டாம். அந்த ஒளி ஆர்என்ஏவைச் சேதப்படுத்தும். முதல் சுற்றுக்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்து முதல் பத்துப் படிகளாவது இருக்கட்டும். ஒரே ஒரு படி மட்டும் உள்ள நல்ல ரைபோசைம், கழுவும்போதோ படியெடுக்கும்போதோ தொலைந்தால் மீள வராது. 120 நீள ஆர்என்ஏவில் 10¹⁵ மூலக்கூறுகள் என்றால் சுமார் 65 மைக்ரோகிராம். இது கையாளக்கூடிய அளவே.

5' முனையில் பயோட்டின் (பின்னால் பிடித்தெடுக்க உதவும் சிறு மூலக்கூறு) பொருத்திய தளப்பொருளைத் தொகுப்பைவிடச் சற்று மிகுதியாகச் சேருங்கள். சூடாக்கி, ஆறவிட்டு, தாங்கல் கரைசலையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்து வினையைத் தொடங்குங்கள். 60 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 200 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, பிஎச் 7.4 முதல் 8 வரை, அறை வெப்பநிலை: முதல் வகுப்பு லிகேஸ் குடும்பத்துக்கு இது நல்ல தொடக்கம். பிஎச் கூடினால் வினை வேகம் கூடும். ஆர்என்ஏ சிதையும் வேகமும் கூடும். மக்னீசியம் மிகுந்த கரைசலில் பெருந்தொகுப்பு திரண்டு படிந்துவிடும் ஆபத்து உண்டு. பார்ட்டலும் ஷோஸ்டாக்கும் இதைத் தவிர்க்கவே மூலக்கூறுகளை அகரோஸ் மணிகளில் தனித்தனியாகக் கட்டிவைத்து வினையை நடத்தினார்கள். வேண்டிய நேரம் ஆனதும் இடிடிஏவைச் சேருங்கள். அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ள, வினை நிற்கும்.

அடுத்தது பிடிப்பு. ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய காந்த மணிகள் பயோட்டினைப் பற்றிக்கொள்ளும். யூரியா கரைசலால் பல முறை கழுவுங்கள். பயோட்டின் பிணைப்பு யூரியாவைத் தாங்கும். தளப்பொருளோடு வெறுமனே ஜோடி சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் தாங்காது. கழுவுதலில் சிக்கனம் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது லிகேஸ் அல்ல, தளப்பொருளை இறுகப் பற்றும் ஆர்என்ஏ.

மணிகளின் மேலேயே பின்னோக்கிய படியெடுப்பைச் செய்யலாம். பிறகு இரண்டு பிசிஆர்கள். முதலாவதில், ஒரு ப்ரைமர் தளப்பொருளின் வரிசையையே கொண்டிருக்கும். ஆகவே இணைப்பு நடந்த மூலக்கூறுகளின் நகல்கள்தான் பெருகும். மணி ஒரு வடிகட்டி, இந்தப் ப்ரைமர் இரண்டாவது வடிகட்டி. இரண்டையும் ஒரே குறுக்குவழியில் கடப்பது கடினம் என்பதால்தான் இரண்டு. இரண்டாவது பிசிஆரில் தளப்பொருள் பகுதியைக் களைந்து, டி7 ப்ரோமோட்டரைத் திரும்பப் பொருத்துகிறீர்கள். இப்போது அடுத்த சுற்றுக்கான டிஎன்ஏ தயார். சுழற்சிகளை அளவோடு நிறுத்துங்கள். சில சுழற்சிகளுக்கு ஒருமுறை சிறிது எடுத்து ஜெல்லில் பாருங்கள். பட்டை தெளிவாகத் தெரிந்ததும் போதும். மேலும் ஓட்டினால் பட்டை கலங்கி, நீளம் தவறிய விளைபொருள்கள் சேரும். ஒவ்வொரு சுற்றின் டிஎன்ஏவிலும் ஒரு பங்கைப் பெயரிட்டு உறைநிலையில் வைத்துவிடுங்கள். ஏழாவது சுற்றில் ஏதோ தவறு என்று தெரிந்தால் நான்காவதுக்குத் திரும்பிப் போக அது மட்டுமே வழி.

உண்மையான தேர்வுக்கு முன் ஒத்திகை

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் தாண்ட வேண்டாம். மாற்றம் எதுவும் இல்லாத மூல லிகேஸை, வேலை செய்யாத ஏதோவொரு தொகுப்பில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து, முழுச் சுற்றையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு சுற்று முடிவில் அதன் பங்கு எத்தனை மடங்கு கூடியது என்று அளந்தால், உங்கள் முறையின் செறிவூட்டும் திறன் கையில் கிடைக்கிறது.

அந்த எண் பின்னால் பொறுமையைத் தரும். செறிவூட்டல் ஒரு சுற்றுக்கு ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பில் 10¹³-க்கு ஒரு மூலக்கூறு வேலை செய்கிறது. முதல் சுற்றுக்குப் பிறகு அது 10¹⁰-க்கு ஒன்று. இரண்டாவதில் ஒரு கோடிக்கு ஒன்று. மூன்றாவதில் பத்தாயிரத்துக்கு ஒன்று. இதுவரை ஜெல்லில் எதுவும் தெரியாது. நான்காவதில் பத்துக்கு ஒன்று; பட்டை திடீரென்று ஒளிர்கிறது. மூன்றாவது சுற்றில் ஒன்றும் காணவில்லை என்று கைவிடுபவர், வெற்றிக்கு ஒரு சுற்று முன்னால் கைவிடுகிறார்.

நேரம்தான் உங்கள் முக்கியமான கைப்பிடி

தொடக்கச் சுற்றுகளில் தாராளமாக இருங்கள். வினையை 16 மணி நேரம் ஓட விடலாம். சோம்பலான ரைபோசைமும் தப்பிப் பிழைத்தால்தான் பின்னால் திருத்த ஏதாவது இருக்கும். ஜெல்லில் வினை தெரியத் தொடங்கிய பிறகு நேரத்தைக் குறைக்க வேண்டும். இதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஒரு ரைபோசைமின் வேகம் நிமிடத்துக்கு 1; இன்னொன்றின் வேகம் நிமிடத்துக்கு 0.01. 16 மணி நேரம் கொடுத்தால் இரண்டுமே ஏறத்தாழ முழுமையாக வினைபுரிந்துவிடும். வடிகட்டி அவற்றைப் பிரித்தறியவே இல்லை. ஒரு நிமிடம் மட்டும் கொடுத்தால் முதலாவதில் 63 சதவீதம், இரண்டாவதில் 1 சதவீதம். ஒரே சுற்றில் 63 மடங்கு வேறுபாடு. ஆகவே தொகுப்பில் பாதிக்கு மேல் வினைபுரியும் நேரத்தில் ஒருபோதும் தேர்வு நடத்தாதீர்கள். சில சதவீதம் மட்டுமே வினைபுரியும் அளவுக்கு நேரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். அதன் பிறகு மக்னீசியத்தைக் குறைக்கலாம், தளப்பொருளின் செறிவைக் குறைக்கலாம். ஆனால் ஒரு சுற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தேர்வு மட்டும் நடந்தால் அது இருப்பதிலிருந்து பொறுக்குவதாகும். பரிணாமம் ஆக வேண்டுமென்றால் புதிய மாற்றங்களும் வர வேண்டும். இடைச் சுற்றுகளில் பிழை மிகுந்த பிசிஆரைப் பயன்படுத்துங்கள். கேட்வெலும் ஜாய்ஸும் 1992-இல் வெளியிட்ட முறையில் 7 மில்லிமோலார் மக்னீசியம், 0.5 மில்லிமோலார் மாங்கனீஸ், சமனில்லாத நியூக்ளியோட்டைடு அளவுகள்; அதனால் ஓர் இடத்துக்குச் சுமார் 0.66 சதவீதம் பிழை. 100 நீள ரைபோசைமுக்குச் சராசரியாக ஒரு மூலக்கூற்றுக்கு ஒரு மாற்றத்துக்கும் குறைவு. இது மிதமான அளவு; நல்லவற்றைக் குலைக்காமல் அவற்றின் சுற்றுப்புறத்தைத் தேடிப் பார்க்கும்.

ஒட்டுண்ணிகள்

சோல் ஸ்பீகல்மன் 1967-இல் ஒரு வைரஸின் ஆர்என்ஏவைச் சோதனைக் குழாயில் மீண்டும் மீண்டும் பெருக்கினார். ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு 74 முறை மாற்றிய பிறகு அந்த மரபணுத் தொகுதியின் 83 சதவீதம் காணாமல் போயிருந்தது. வேகமாகப் பெருகுவது ஒன்றுதான் அங்கே நிபந்தனை, குட்டையானது வேகமாகப் பெருகும். உங்கள் தொகுப்பிலும் இதே அழுத்தம் உண்டு; வேலை செய்யாமலேயே பெருகும் இத்தகைய ஒட்டுண்ணிகளில் குட்டையானவை முதல் வகை. ஒவ்வொரு சுற்றிலும் ஜெல்லில் முழு நீளத்தை வெட்டியெடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மணியிலேயே ஒட்டிக்கொள்ளும் ஆர்என்ஏக்கள் இன்னொரு வகை. தளப்பொருள் சேர்க்கும் முன்பே தொகுப்பை மணிகளோடு கலந்து, ஒட்டுபவற்றைத் தூக்கி எறியுங்கள். மூன்றாவது வகை, தளப்பொருள் ப்ரைமர் தவறான இடத்தில் அமரக்கூடிய வரிசையைத் தற்செயலாகக் கொண்டவை. தளப்பொருளின் வெளி வரிசையைச் சில சுற்றுகளுக்கு ஒருமுறை மாற்றினால் இவை ஒழியும். நான்காவது வகை நுட்பமானது: ஒரு நல்ல ரைபோசைம் பக்கத்தில் இருக்கும் செயலற்ற மூலக்கூற்றுக்குத் தளப்பொருளை ஒட்டிவிடுவது. அப்போது நீங்கள் தேர்வது உழைத்தவரை அல்ல. தொகுப்பின் செறிவைக் குறைவாக வைத்தால் இது குறையும்.

இவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கட்டுப்பாடுகள் வையுங்கள்: மக்னீசியம் இல்லாதது, தளப்பொருள் இல்லாதது, பின்னோக்கிய படியெடுப்பு நொதி இல்லாதது, எந்த ஆர்என்ஏவும் இல்லாதது. மக்னீசியம் இல்லாத குழாயும் அதே சுழற்சியில் பட்டை காட்டினால் பெருகிக்கொண்டிருப்பது வினையூக்கி அல்ல. நொதி இல்லாத குழாயில் பட்டை வந்தால் டிஎன்ஏ மாசு.

கிடைத்தது என்ன என்று எப்படித் தெரியும்

எல்லாச் சுற்றுகளையும் பேரளவு வரிசையறிதலுக்கு அனுப்புங்கள், கடைசிச் சுற்றை மட்டும் அல்ல. ஒத்த வரிசைகளைக் குடும்பங்களாகத் தொகுத்து, எந்தக் குடும்பம் சுற்றுக்குச் சுற்று வளர்கிறது என்று பாருங்கள். நேரத்தைக் குறைத்த சுற்றில் துள்ளி எழும் குடும்பம், மிகுதியாக இருக்கும் குடும்பத்தைவிடச் சுவையானது.

பிறகு தனித்தனியாகப் படியெடுத்து, தளப்பொருளின் 5' முனையில் ஒளிரும் சாயம் வைத்து, நேரத்துக்கு நேரம் சிறிது எடுத்து ஜெல்லில் ஓட்டி வேகத்தை அளவிடுங்கள். அமைப்பை உறுதிசெய்ய ஜோடி சேரும் என்று நினைக்கும் இரு இடங்களில் ஒன்றை மாற்றி அந்த ஜோடியைக் கெடுத்துவிடுங்கள். மற்றதையும் ஈடாக மாற்றினால் செயல் திரும்புகிறதா பாருங்கள்.

பிணைப்பின் வகையைச் சோதிக்காமல் எதையும் அறிவிக்காதீர்கள். 2'-5', 3'-5' இரண்டுக்கும் நிறை ஒன்றே என்பதால் நிறைமாலைமானியின் எடை வேறுபாடு காட்டாது. ஆர்என்ஏஸ் டி2 நொதி 3'-5' பிணைப்பை வெட்டும், 2'-5' பிணைப்பை விட்டுவிடும். உங்கள் விளைபொருளையும், இணைந்த வரிசையை டி7 நொதியால் நேரடியாகப் படியெடுத்த இழையையும் அருகருகே வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதுவரை உங்கள் ரைபோசைம் ஒருமுறை தன்னையே ஒட்டிக்கொண்டு ஓய்ந்துவிடும். அதை உண்மையான வினையூக்கி ஆக்க, 5' முனைப் பகுதியைத் தனித் துண்டாக வெட்டிப் பிரித்து, இரண்டு இழைகளையும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அப்போது விளைபொருளை விடுவிப்பதே பெரும்பாலும் தாமதமாகும். ஜோடி சேரும் பகுதியைக் குட்டையாக்கிப் பாருங்கள். முதல் வகுப்பு லிகேஸ் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. 2001-இல் பார்ட்டலின் குழு அதில் புதிய தற்செயல் பகுதியைச் சேர்த்து, 14 நியூக்ளியோட்டைடு வரை சேர்க்கும் பாலிமரேஸ் ஒன்றைப் பெற்றது. பிலிப் ஹோலிகரின் குழு 2011-இல் அந்த வழித்தோன்றலைக் கொண்டு 95 வரை எட்டியது. ஆர்3சி வேறு திசையில் போனது: ட்ரேசி லிங்கனும் ஜாய்ஸும் 2009-இல் ஒன்றையொன்று உருவாக்கும் இரண்டு லிகேஸ்களை அமைத்தார்கள், அவை சுமார் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகின.

ட்ரைபாஸ்பேட்டுக்குப் பதில் 2-அமினோஇமிடசோலால் செயலூட்டிய பாஸ்பேட்டைப் பயன்படுத்தும் லிகேஸ்களை ஷோஸ்டாக்கின் ஆய்வகம் 2020-இல் தேர்ந்தெடுத்தது. அந்தத் திசையில் போக விரும்புபவர் முதலில் மாற்ற வேண்டியது 5' முனையை: அங்கே ஒற்றைப் பாஸ்பேட்டை வைத்து, அதை வேதிமுறையில் செயலூட்டி, நீரில் சிதைவதற்குள் பயன்படுத்த வேண்டும். மணி, ப்ரைமர், கட்டுப்பாடுகள் எல்லாம் மேலே சொன்னபடியே தொடரும்.